மூக்கு மறந்த ஸ்ட்ராபெர்ரி

2018-இல் இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் ஒரு வீட்டு மாடியறையில் வாடகைக்கு இருந்தேன். கீழே வீட்டுக்காரர். பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து சிகரெட் பிடித்தவர், இருமல் தாங்காமல் போனபோது அதை விட்டு வேப் என்னும் மின்சிகரெட்டுக்கு மாறியிருந்தார். கடையில் கிடைத்த வேப் திரவம் எதுவும் அவருக்கு ஒத்துவரவில்லை. ஒன்று திகட்டியது, இன்னொன்று சோப்பு மாதிரி இருந்தது. கடைசியில் தானே கலந்துகொள்ளத் தொடங்கிவிட்டார்.

நவம்பர் மாதத்தில் ஒரு சாயங்காலம். வெளியே கடுங்குளிர். வீட்டுக் கதவைத் திறந்ததும் ஸ்ட்ராபெர்ரி ஜாம் பாட்டிலுக்குள் தலையை விட்ட மாதிரி மணம் முகத்தில் அடித்தது. தொண்டையே கரித்தது. சமையலறை மேசையில் வீட்டுக்காரர் தாடையில் கைவைத்து உட்கார்ந்திருந்தார். எசன்ஸ் விற்றவர் தன்னை ஏமாற்றிவிட்டார் என்றார். குப்பிக்குள் ஸ்ட்ராபெர்ரியே இல்லையாம், இழுத்தால் வெந்நீர் ஆவி மாதிரி இருக்கிறதாம். பென்சிலால் எழுதிய நோட்டை என் பக்கம் திருப்பினார். முதல் வாரம் 100 மில்லிக்கு 6 மில்லி எசன்ஸ். அடுத்து 8. பிறகு 11. அன்றைக்கு 14. பழைய எண்ணை அடித்து அடித்துப் புதிய எண். என்னை வாசலிலேயே மறித்த மணம் அந்த 14 மில்லியிலிருந்துதான் வந்தது. அதே குப்பியை மூக்கருகே வைத்துக்கொண்டு அவர் வாசனை இல்லை என்கிறார்.

அவர் பொய் சொல்லவில்லை. வேப் பிடிப்பவர்கள் இதை ‘வேப்பர் நாக்கு’ என்பார்கள். நேற்று வரை மணத்த திரவம் இன்று வெறும் ஆவியாகிவிடும். பெயரில் நாக்கு இருந்தாலும் கோளாறில் பெரும்பங்கு மூக்குடையது. அது கோளாறும் இல்லை, மூக்கு தன் வேலையைச் சரியாகச் செய்வதன் விளைவு.

மேசையில் இருந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன். வேப் திரவத்தில் இருப்பவை நாலே பொருள்கள்: புரொப்பிலீன் கிளைக்கால், கிளிசரின், நிகோட்டின், எசன்ஸ். கிளைக்கால் நீர்த்திருக்கும், எசன்ஸை நன்றாகக் கரைத்துக்கொள்ளும், தொண்டையில் சிறிது உறைக்கும். கிளிசரின் பாகு போலக் கெட்டியானது, லேசான தித்திப்புள்ளது, வெண்புகையைத் தருவது. கெட்டியான கிளிசரின் சிரிஞ்சில் ஒட்டிக்கொள்ளும், மில்லிக் கணக்கு தவறிவிடும். அதனால் பழகியவர்கள் எடை போட்டே கலப்பார்கள். கிளிசரின் ஒரு மில்லி 1.26 கிராம், கிளைக்கால் 1.04 கிராம். கிராமில் நூறில் ஒரு பங்கு வரை காட்டும் சின்னத் தராசு ஒன்று வீட்டுக்காரரிடம் இருந்தது. குப்பியை அதன்மேல் வைத்து, சுழியாக்கி, சொட்டுச் சொட்டாக விடுவார். பஸ் ஸ்டியரிங் பிடித்த தடித்த விரல்கள் அந்த நேரத்தில் கொஞ்சமும் நடுங்காது.

பிரிட்டனில் வீட்டில் கலக்கும் இந்தப் பழக்கம் வளர்ந்ததற்குச் சட்டமும் ஒரு காரணம். 2016-இல் அங்கே நடைமுறைக்கு வந்த விதிகளின்படி, நிகோட்டின் உள்ள திரவத்தை 10 மில்லிக்கு மேற்பட்ட குப்பியில் விற்கக் கூடாது, மில்லிக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் நிகோட்டின் இருக்கக் கூடாது. நிகோட்டின் இல்லாத திரவத்துக்கு இந்த அளவுக் கட்டுப்பாடு கிடையாது. உடனே வந்தது ஒரு புது வியாபாரம்: 60 மில்லி குப்பியில் நிகோட்டின் இல்லாத திரவம் 50 மில்லி நிரப்பி, மேலே இடம் விட்டு விற்பார்கள். கூடவே 18 மில்லிகிராம் செறிவுள்ள 10 மில்லி நிகோட்டின் குப்பி தனியாக. வீட்டில் ஊற்றிக் குலுக்கினால் 60 மில்லியில் 180 மில்லிகிராம், அதாவது மில்லிக்கு 3. ஊற்றிக் குலுக்கப் பழகிய கைக்கு எசன்ஸையும் தனியாக வாங்கிப் பார்க்கும் ஆசை வர எவ்வளவு நாளாகும்?

இனி மூக்கு. ஓர் ஆரஞ்சு மிட்டாயை எடுத்துக்கொள்ளுங்கள். மூக்கை இறுகப் பிடித்துக்கொண்டு வாயில் போடுங்கள். இனிப்பும் புளிப்பும் தெரியும், ஆரஞ்சு தெரியாது. அரை நிமிடம் கழித்து விரலை எடுங்கள். வாய் நிறைய ஆரஞ்சு பொங்கும். அந்த ஆரஞ்சு நாக்கில் பிறக்கவில்லை. வாய்க்குள்ளிருந்து அண்ணத்தின் பின்புறமாக மேலேறி, மூக்கின் உச்சியிலுள்ள நுகர்ச்சித் திசுவைத் தொடும் மணம் அது. முன்வாசல் வழியாக முகர்வதும் இப்படிப் பின்வாசல் வழியாக முகர்வதும் மனத்துக்கு வெவ்வேறு அனுபவங்கள் என்பதை 1982-இல் அமெரிக்க உளவியலாளர் பால் ரோசின் விளக்கினார். பின்வாசல் மணத்தை மூளை வாயின் கணக்கில் எழுதிக்கொள்கிறது. ‘ருசியாக இருக்கிறது’ என்று நாம் சொல்வதில் நிறைய இந்த மணம்தான்.

வேப்பில் இது இன்னும் கூடுதல். நாக்குக்கு அங்கே கிடைப்பது கிளிசரினின் மெல்லிய தித்திப்பு, நிகோட்டினின் கசப்பு, சேர்த்திருந்தால் சுக்ரலோஸின் இனிப்பு, அவ்வளவே. ஸ்ட்ராபெர்ரி, வாழைப்பழம், பாதாம் எல்லாமே மணம். வாழைப்பழ வாசனையின் முக்கால் கதை ஐசோஅமைல் அசிட்டேட் என்ற ஒரே மூலக்கூறில் அடங்கும். கசப்புப் பாதாம் மணத்துக்கு பென்சால்டிஹைடு. ஸ்ட்ராபெர்ரிக்கு அப்படி ஒற்றை மூலக்கூறு கிடையாது, பல சேர்ந்த கூட்டணி. அதனால்தான் வீட்டில் கலப்பவர்களுக்கு அது தலைவலி தரும் பழம். வேப் பிடிப்பவர்கள் ஆவியை மூக்கு வழியாக விட்டுப் பார்த்தே தீர்ப்புச் சொல்வதும் இதனால்தான்.

மணமூலக்கூறுகளைப் பிடிக்கும் ஏற்பிகளின் மரபணுக் குடும்பத்தை லிண்டா பக், ரிச்சர்ட் ஆக்செல் இருவரும் 1991-இல் கண்டுபிடித்தார்கள், 2004-இல் நோபல் பெற்றார்கள். மனிதரிடம் வேலை செய்யும் ஏற்பி வகைகள் ஏறத்தாழ 400. ஒரு மூலக்கூறு பல ஏற்பிகளைத் தொடும், ஓர் ஏற்பி பல மூலக்கூறுகளுக்கு இசையும். வீணையில் சுருதி சேருவது போல இந்தச் சேர்க்கையின் வடிவத்தை வைத்தே இது ரோஜா, இது பெருங்காயம் என்று மூளை அறிகிறது.

மூலக்கூறு ஏற்பியில் ஒட்டியதும் நரம்பணுவின் சவ்வில் சிறு வாயில்கள் திறந்து கால்சியம் உள்ளே பாயும். மூளைக்குச் சேதி போக உதவுவது அந்தக் கால்சியம். அதே கால்சியம் இன்னொரு புரதத்துடன் சேர்ந்து, தான் நுழைந்த வாயில்களின் கூர்மையைக் குறைத்துவிடும். சேதியைக் கொண்டுவந்தவனே கதவை ஒருக்களித்துச் சாத்திவிட்டுப் போவது மாதிரி. இது நொடிகளில் நடக்கிறது. மணம் நிலைத்து நின்றால் மூளையின் நுகர்ச்சிப் பகுதியும் அதைப் பொருட்படுத்துவதை நிறுத்திவிடும். தாளிக்கிறவருக்குத் தாளிப்பு வாசனை சற்று நேரத்தில் தெரியாமல் போக, தெருவில் போகிறவர் மூச்சை இழுத்து நிற்பது இப்படித்தான். மூக்கு மாற்றத்தைக் கண்டுபிடிக்க அமைந்த புலன். ஏற்கெனவே தெரிந்த மணத்தைத் தள்ளிவைத்தால்தான் புதிதாகக் கசியும் கேஸ் தெரியும், கெட்டுப்போகும் பால் தெரியும்.

மூக்கின் இந்த மந்தம் சில நிமிடங்களில் கலைந்துவிடும் என்றே பலர் நினைக்கிறோம். வீட்டுக்காரரின் கதைக்கு நெருக்கமான ஓர் ஆய்வு வேறு சொல்கிறது. அமெரிக்காவில் ஃபிலடெல்ஃபியா நகரின் மோனெல் மையத்தில் பமேலா டால்டன், சார்ல்ஸ் வைசாக்கி இருவரும் 1996-இல் வெளியிட்டது. பங்கேற்றவர்களின் வீடுகளில் ஒரு குறிப்பிட்ட மணத்தை இரண்டு வாரம், நாளுக்குச் சில மணி நேரம் பரவவிட்டார்கள். அந்த மணத்துக்கு மட்டும் அவர்கள் மூக்கு மந்தமானது. மணத்தை நிறுத்திய பிறகும் அந்த மந்தம் இரண்டு வாரம் வரை நீடித்தது. மற்ற மணங்களை வழக்கம்போல உணர்ந்தார்கள். காலை எழுந்ததிலிருந்து படுக்கும்வரை ஒரே ஸ்ட்ராபெர்ரியை, அதுவும் முன்வாசல், பின்வாசல் இரண்டு வழியாகவும் இழுப்பவரின் மூக்கு என்ன ஆகும் என்று கணக்குப் போட இதற்குமேல் சான்று தேவையில்லை.

வீட்டுக்காரர் செய்த தவறு இங்கேதான் தொடங்குகிறது. வாசனை குறைந்ததும் எசன்ஸைக் கூட்டினார். கூட்டியதால் மூக்கு இன்னும் மந்தமானது. செறிவை இரட்டித்தால் மணவுணர்வு இரட்டிக்காது, கொஞ்சமே கூடும். ஆகவே 6 மில்லி 14 மில்லி ஆனபோது அவருக்குக் கிடைத்த லாபம் மிகச் சிறியது. உப்புக் குறைந்தால் உப்புப் போடுகிறோம், குழம்பு சரியாகிவிடுகிறது. அந்தக் கைப்பழக்கம் இங்கே உதவாது. அளக்கும் கருவியே அளந்துகொண்டிருக்கும்போது தேய்கிறது.

எத்தனை எசன்ஸ் கலப்பது என்பதிலும் மூக்கு நம்மை ஏமாற்றும். அவரது நோட்டில் ஒரு செய்முறையில் ஒன்பது எசன்ஸ் இருந்தது. அதில் ‘லேசான கற்பூரவாசம்’ வருவதாக எழுதியிருந்தார். ஆஸ்திரேலிய ஆய்வாளர் டேவிட் லெயிங் 1980-களின் இறுதியில் செய்த சோதனைகளில், நன்கு தெரிந்த மணங்களையே கலந்து கொடுத்தாலும் மூன்று நான்குக்குமேல் பிரித்துச் சொல்ல மனிதர்களால் முடியவில்லை, பயிற்சி பெற்றவர்களாலும்கூட. ஐந்தாவது எசன்ஸ் தனக்கென்று ஓர் இடம் பிடிக்காது, மற்றவற்றை மங்கவைக்கும். பஞ்சுமிட்டாய் மணம் தரும் எத்தில் மால்ட்டால் கூடிவிட்டால் பழவாசனை எல்லாம் அடங்கிப்போகும் என்பது கலப்பவர்களின் பொது அனுபவம். என் கண்ணுக்கு அந்த நோட்டில் நன்றாக வந்த செய்முறைகள் எல்லாம் மூன்று வரியில் முடிந்தவை.

மெந்தால் மட்டும் விதிவிலக்கு. மூக்கு தூங்கினாலும் மெந்தாலின் குளிர்ச்சி தெரியும். அது மணமே கிடையாது. குளிரை உணரும் நரம்பின் ஏற்பியை மெந்தால் தட்டி எழுப்புகிறது. வெப்பம், தொடுகை ஆகியவற்றின் ஏற்பிகளுக்காக 2021-இல் நோபல் பெற்ற டேவிட் ஜூலியஸ், ஆர்டம் பட்டாபூட்டியன் இருவரும் தனித்தனியாக இந்தக் குளிர் ஏற்பியையும் அடையாளம் கண்டவர்கள். மிளகாயில் உறைப்பதும் புதினாவில் குளிர்வதும் முகத்தின் முக்கிளை நரம்பின் வேலை. வேப்பர் நாக்கு வந்தவர்கள் ஒரு வாரம் மெந்தாலுக்கு மாறிக்கொள்வதன் சூட்சுமம் அதுதான்.

காபிக்கொட்டையை முகர்ந்தால் மூக்கு புதிதாகிவிடும் என்று வாசனைத் திரவியக் கடைகளில் ஒரு கிண்ணம் வைத்திருப்பார்கள். வீட்டுக்காரரும் வைத்திருந்தார். 2011-இல் வெளியான ஒரு சோதனையில் காபிக்கொட்டை, எலுமிச்சை, வெறும் காற்று மூன்றில் எதை முகர்ந்தாலும் பலன் ஒன்றாகவே இருந்தது. வெளியே போய்க் காற்று வாங்கினால் போதும். தண்ணீர் குடிப்பது மெய்யாகவே உதவும். கிளைக்காலும் கிளிசரினும் ஈரத்தை உறிஞ்சும் பொருள்கள், வாய் வறண்டுபோகும். எச்சிலில் கரைந்தால்தான் நாக்குக்கே சேதி போகும்.

அவருடைய மூக்கில் இன்னொரு மாற்றமும் நடந்துகொண்டிருந்தது, எதிர்த் திசையில். சிகரெட்டை விட்டவர்களுக்கு முகரும் திறன் வாரக்கணக்கில், மாதக்கணக்கில் மெல்லத் திரும்புகிறது. நாக்கின் சுவை அணுக்கள் ஏறத்தாழ பத்து நாளுக்கொருமுறை புதுப்பிக்கப்படுகின்றன. மூக்கின் நரம்பணுக்களும், உடலின் மற்ற பெரும்பாலான நரம்பணுக்களைப் போலன்றி, வாழ்நாள் முழுக்கப் புதிதாக முளைக்கின்றன. விட்ட முதல் மாதத்தில் எழுதிய செய்முறை ஆறாவது மாதத்தில் திகட்டுவது இதனால்தான். முதல் மாதத்தில் கலந்தவரின் மூக்கு வேறு, ஆறாவது மாதத்தில் இழுப்பவரின் மூக்கு வேறு.

குப்பிக்குள்ளும் ஒன்றும் சும்மா இருப்பதில்லை. கலந்த திரவத்தை இருட்டில் சில வாரம் வைத்து ‘ஊறவிடுவது’ வழக்கம். வெனிலா, கஸ்டர்ட் வகைகளுக்குக் கட்டாயம் என்பார்கள். ஊறுகாய் போல, காலம் ருசியைக் கூட்டுகிறது என்ற நம்பிக்கை. நிகோட்டின் காற்றோடு சேர்ந்து திரவம் பழுப்பேறும். அதைவிட முக்கியமானதை 2018-இல் யேல், டியூக் பல்கலைக்கழகங்களின் ஆய்வாளர்கள் வெளியிட்டார்கள். வெனிலின், பென்சால்டிஹைடு, இலவங்கப்பட்டையின் சின்னமால்டிஹைடு ஆகிய ஆல்டிஹைடுகள் கிளைக்காலோடு குப்பிக்குள்ளேயே வினைபுரிந்து அசிட்டால் என்னும் புதுச் சேர்மங்களாகின்றன. சூடாக்கவே வேண்டாம், அறை வெப்பத்திலேயே இது நடக்கிறது. இந்த அசிட்டால்கள் ஆவியிலும் போய்ச் சேர்கின்றன, மூச்சுக்குழாயின் எரிச்சல் ஏற்பிகளை மூலப்பொருளைவிட வலுவாகத் தூண்டுகின்றன. எசன்ஸ் குப்பியின் லேபிளில் இவற்றின் பெயர் இருக்காது. யாரும் சேர்க்காதவை, ஊறும்போது பிறந்தவை.

இதுவரை சொன்னதெல்லாம் மூக்கு எதைத் தவறவிடுகிறது என்பது. எனக்குக் கவலை தருவது மூக்கு எதை விரும்புகிறது என்பதே.

2000-ஆம் ஆண்டு மே மாதம் அமெரிக்காவின் மிசௌரி மாநிலத்தில் ஜாஸ்பர் என்ற சிற்றூர். அங்கே மைக்ரோவேவ் பாப்கார்ன் தயாரிக்கும் ஆலையில் வேலை பார்த்த எட்டுப் பேருக்கு அரிதான ஒரு நுரையீரல் நோய் வந்திருப்பதாக மாநிலச் சுகாதாரத் துறைக்குத் தகவல் போனது. நுரையீரலின் மிகச் சிறிய குழாய்கள் தழும்பேறி அடைத்துக்கொள்ளும் நோய். போன மூச்சு திரும்பாது. மத்திய அரசின் தொழிலிட உடல்நல ஆய்வாளர்கள் வந்து தேடியபோது காரணம் வெண்ணெய் எசன்ஸில் இருந்தது. அதன் முக்கியப் பொருள் டையசெட்டைல். வெண்ணெயில் இயற்கையாகவே உள்ளது, தின்றால் கெடுதல் இல்லை. சூடான சோயா எண்ணெய்த் தொட்டிக்குள் எசன்ஸை ஊற்றிக் கலந்தவர்கள்தான் அதன் ஆவியை எல்லாரையும்விட அதிகம் சுவாசித்தவர்கள். நாள் முழுக்க அவர்கள் மூக்கில் இருந்தது அருமையான வெண்ணெய் மணம்.

தின்பது வேறு, சுவாசிப்பது வேறு. தின்றது குடலுக்குப் போய், கல்லீரலின் கையில் சிக்கி, சிதைந்து பிறகே ரத்தத்தில் கலக்கும். மூச்சில் போனதற்கு அந்தச் சோதனைச் சாவடி இல்லை. நுரையீரலின் காற்றறைச் சுவர் ஒரு மைக்ரோமீட்டரைவிட மெல்லியது, அதன் மொத்தப் பரப்போ ஒரு பெரிய வீட்டின் தரையளவு. உணவுக்குப் பாதுகாப்பானது என்று தாங்கள் தரும் மதிப்பீடு சுவாசிப்பதற்குப் பொருந்தாது என்று அமெரிக்க எசன்ஸ் தயாரிப்பாளர் சங்கமே வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறது. 2015-இல் ஹார்வர்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் மணமூட்டிய 51 வேப் வகைகளைச் சோதித்தார்கள். 39-இல் டையசெட்டைல் இருந்தது. சிகரெட் புகையிலும் அது உண்டு, அதுவும் கூடுதலாக. நேர்மையாக அதையும் சொல்ல வேண்டும். பிரிட்டனின் 2016 விதிகள் வேப் திரவத்தில் அதைச் சேர்ப்பதைத் தடுத்தன. ஆனால் அவை நிகோட்டின் கலந்து விற்கப்படும் திரவத்துக்காக எழுதப்பட்டவை. சமையலுக்கென்று விற்கும் எசன்ஸைச் சமையலறை மேசையில் ஊற்றுபவரின் கையை அந்த விதி எட்டாது.

2019-இல் அமெரிக்காவில் நடந்தது இதற்கு மறுபக்கம். வேப் பிடித்தவர்கள், பெரும்பாலும் இளைஞர்கள், மூச்சுத்திணறி மருத்துவமனைகளில் குவிந்தார்கள். 2020 பிப்ரவரி வரை 2,807 பேர் பாதிக்கப்பட்டார்கள், 68 பேர் இறந்தார்கள். முக்கியக் குற்றவாளி, கஞ்சாச் சத்து கலந்த கள்ளச்சந்தைத் திரவங்களைக் கெட்டியாகக் காட்டச் சேர்த்த வைட்டமின் ஈ அசிட்டேட். 51 நோயாளிகளின் நுரையீரலைக் கழுவி எடுத்த நீரில் 48 பேரிடம் அது இருந்தது. முகத்தில் பூசும் கிரீமிலும் சத்து மாத்திரையிலும் உள்ள அதே பொருள். அதற்கு மணமே கிடையாது. ஒன்று மணத்தால் மயக்கியது, மற்றொன்று மணமின்றி நுழைந்தது. இரண்டு முறையும் மூக்கு எச்சரிக்கவில்லை. எண்ணெய் சேர்ந்த எசன்ஸையோ, அரோமா எண்ணெயையோ இந்தக் கலவையில் ஒரு சொட்டும் விடக் கூடாது என்று வீட்டுக்காரரிடம் அந்த நவம்பரிலேயே அழுத்திச் சொன்னதில் எனக்கு இன்றும் நிம்மதி.

நம் நாட்டில் இந்த மேசைக்கே இடமில்லை. 2019-இன் இந்தியச் சட்டம் மின்சிகரெட்டின் தயாரிப்பு, இறக்குமதி, விற்பனை, விளம்பரம் அனைத்தையும் தடை செய்கிறது. முதல் குற்றத்துக்கு ஓராண்டு வரை சிறை, அல்லது 1 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.

லீட்ஸுக்குத் திரும்புகிறேன். ஒரு வாரம் ஸ்ட்ராபெர்ரியைத் தொடாதீர்கள் என்று சொல்லிவைத்தேன். இரண்டு வாரம் தொடவில்லை அவர். பிறகு அந்த 14 மில்லி குப்பியைத் திறந்து முகர்ந்தவர் நாற்காலியோடு பின்னால் நகர்ந்தார். நோட்டில் 14-ஐ அடித்துவிட்டு 4 என்று எழுதினார். அதற்குப் பிறகு என் மூக்கையும் கணக்கில் சேர்த்துக்கொண்டார். வேலையிலிருந்து நான் திரும்பும் நேரம் பார்த்து, கோட்டைக் கழற்றுவதற்குமுன் பெயர் எழுதாத இரண்டு குப்பிகளை நீட்டுவார். முகர்ந்து நான் சொல்வதைப் பென்சிலால் குறித்துக்கொள்வார்.

ஒருநாள் மூன்று குப்பிகள். எது சிறந்தது என்றார். யோசிக்கவே இல்லை, நடுவிலிருந்ததைத் தொட்டேன். திரண்ட வெண்ணெய், அடியில் வெனிலா, பாட்டி காய்ச்சிய நெய்யின் கடைசி நிமிடம். அவர் எழுந்து போய் அதன் எசன்ஸ் குப்பியை எடுத்துவந்தார். எப்போதோ வாங்கிய பழைய சரக்கு, சமையல் எசன்ஸ், லேபிளில் சேர்மானம் எதுவும் இல்லை. ஜாஸ்பர் கதையை அதற்கு முந்தைய வாரம்தான் சொல்லியிருந்தேன். இருவரும் அந்தக் குப்பியைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தோம். பிறகு ஜன்னலை முழுக்கத் திறந்துவைத்து, குழாயைத் திருகிவிட்டு, எசன்ஸைக் கழுவுதொட்டியில் கொட்டினார்.

மறுநாள் சாயங்காலம் வந்து கதவைத் திறந்தபோதும் வீடு வெண்ணெயாக மணத்தது. இன்னும் போகவில்லையே என்றேன். அவர் செய்தித்தாளிலிருந்து நிமிர்ந்து, மூக்கை இரண்டு தரம் இழுத்துப் பார்த்து, எது என்று கேட்டார்.